தேதி இல்லாத எண்ணெய்

படத்துக்குக் கீழே குறிப்பு எழுதும் வேலை இனித் தேவையில்லை என்ற பேச்சு சில ஆண்டுகளாக எங்கும் கேட்கிறது. ஆவணக் காப்பகம் நடத்துபவர்கள் சொல்கிறார்கள். தொலைக்காட்சிகளில் பழைய காட்சிகளைப் பாதுகாப்பவர்கள் சொல்கிறார்கள். சூழல் அமைப்புகளுக்குத் தன்னார்வலராக வரும் பொறியியல் மாணவர்கள் இன்னும் உற்சாகமாகச் சொல்கிறார்கள். படம், காணொளி, ஒலிப்பதிவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டால் போதுமாம். வேண்டியதை வாக்கியமாகக் கேட்டால் எந்திரம் அர்த்தம் புரிந்து எடுத்துத் தருமாம். யார், எப்போது, எங்கே என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருப்பது பழைய நூலகர்களின் வியாதியாம்.

வடசென்னை மணலியில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. மற்ற ஊர்களில் பழைய படங்கள் நினைவுக்கு இருக்கின்றன. மணலி, எர்ணாவூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கைப்பேசிகளில் கிடப்பவற்றில் பாதி, புகாரோடு இணைப்பதற்காக எடுத்தவை. கால்வாயில் மிதக்கும் எண்ணெய், கொசஸ்தலை ஆற்றில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பல், சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கியின் நுனியில் இரவெல்லாம் எரியும் நெருப்பு, வலையோடு வந்த செத்த மீன். இவற்றை ஒருநாள் பசுமைத் தீர்ப்பாயத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ காட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் எடுக்கிறார்கள். ஆகவே இங்கே ஒரு படத்தைத் தேடுகிறவர் அது எதற்குச் சாட்சி என்பதைத்தான் தேடுகிறார்.

இந்த எந்திரத் தேடலின் நன்மைகளை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். குறிப்பே இல்லாமல் குவிந்து கிடக்கும் பல்லாயிரம் படங்களில் படகு என்று கேட்டால் படகைக் காட்டும் கருவி, ஒன்றுமே இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஒரு மணி நேரக் காணொளியில் அதிகாரி வாய் திறந்த இரண்டு நிமிடத்தைப் பிடித்துத் தந்தால் அது மெய்யான உழைப்பு மிச்சம். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் கேட்டுத் தன் படத்தைத் தானே எடுத்துப் பார்ப்பது சின்ன விஷயமில்லை. பழைய பட்டியல்களும் அப்படியொன்றும் புனிதமானவை இல்லை. ஒரு மீனவக் குப்பத்தையே ‘குடிசைப் பகுதி’ என்று இரண்டு சொல்லில் முடித்தவர்களும் பட்டியல் எழுதியவர்கள்தாம். இத்தனையும் சரி.

ஆனால் குறிப்பு தேவையில்லை என்று சொல்பவர்கள் தங்கள் எந்திரம் எதைத் தின்று வளர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. இன்றைய தேடல்களுக்கு வழிகாட்டி, 2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ‘கிளிப்’. இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடிப் படங்களையும் அவற்றோடு இருந்த வாசகங்களையும் இணை இணையாகக் கொடுத்து அதைப் பயிற்றினார்கள். படத்தை ஓர் எண்வரிசையாகவும் வாசகத்தை ஓர் எண்வரிசையாகவும் மாற்றுவது, பொருந்தும் இணைகளை அருகில் கொண்டுவருவது, பொருந்தாதவற்றைத் தள்ளி வைப்பது. வேலை அவ்வளவுதான். அடுத்த ஆண்டு வந்த ‘லயான்-5பி’ என்ற பொதுத் தொகுப்பில் 585 கோடி இணைகள். அவற்றில் ஏறத்தாழ 230 கோடி ஆங்கிலம். உலகின் மற்ற நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் அத்தனைக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட அதே அளவு. எந்திரத்துக்குத் தெரிந்த அர்த்தமெல்லாம் யாரோ எங்கோ ஒரு படத்துக்குக் கீழே எழுதிவைத்த வாசகம். கோடிக்கணக்கான படக்குறிப்புகளின் முதுகில் ஏறி நின்றுகொண்டு இனிக் குறிப்பு எதற்கு என்கிறார்கள்.

அந்த வாசகங்களை எழுதியவர்கள் யார்? பொருள் விற்பவர்கள், சுற்றுலா போனவர்கள், விளம்பரத்துக்குப் படம் விற்கும் நிறுவனங்கள். எண்ணூர் மீனவக் குப்பங்களான தாழங்குப்பத்திலோ நெட்டுக்குப்பத்திலோ யாரும் தம் படத்துக்கு ஆங்கிலத்தில் வாசகம் எழுதி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கவில்லை. பற்களில் கூடையைக் கவ்விக்கொண்டு கழுத்தளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணை, இப்படிக் கற்ற எந்திரம் தண்ணீரில் இருக்கும் ஒரு பெண்ணாக மட்டுமே பார்க்க முடியும். அவர் குளிக்கிறாரா, நீந்துகிறாரா, வேலை செய்கிறாரா என்ற கேள்விக்கு விடை அங்கே வாழ்ந்தவர்களிடம் இருக்கிறது.

இதுகூடத் திருத்தக்கூடிய குறை. நாளைக்கே தமிழ் வாசகங்களோடு பயிற்றலாம். பலமொழி எந்திர மாதிரிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. என் ஆட்சேபம் வேறு இடத்தில்.

2017 ஜனவரி 28 விடியற்காலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பிடபிள்யூ மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கரைக்கு வந்தது. எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் கொட்டிய கருங்கற்களுக்கிடையே தார்போலத் தேங்கியதை ஆட்கள் வரிசையாக நின்று வாளியால் அள்ளினார்கள். அந்தப் படங்கள் உலகெங்கும் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. அது மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே தீர்ப்பாயத்தில் சொன்னது. மறுபடி மீனவர்கள், மறுபடி வாளி, மறுபடி கறுப்பு.

‘எண்ணூரில் எண்ணெயை வாளியால் அள்ளும் ஆட்கள்’ என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுகளின் படங்களும் தோளோடு தோள் ஒட்டி வரும். வரத்தான் வேண்டும், உருவத்தில் அவை அண்ணன் தம்பி. ஆனால் ஒன்றில் காரணம் கப்பல், இன்னொன்றில் ஆலை. ஒன்று கடலிலிருந்து கரைக்கு வந்தது, இன்னொன்று ஊருக்குள்ளிருந்து கடலுக்குப் போனது. வழக்கு வேறு, பதில் சொல்ல வேண்டியவர் வேறு, நிவாரணம் வேறு. இந்த வேறுபாடுகளில் எதுவும் படத்தின் புள்ளிகளில் இல்லை. இடம் தெரிந்தவர் கருங்கல்லைப் பார்த்து இது கடலோரம் என்பார், சேற்றைப் பார்த்து இது கழிமுகம் என்பார். அந்த அறிவுகூட அவருடைய காலில் இருக்கிறது. இரண்டும் கலந்த ஒரு தொகுப்பை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் கொடுத்தால் அவருடைய அன்றைய வேலை முடிந்தது. ஒரு படம் தவறு என்று காட்டினால் மற்ற அத்தனையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அதே டிசம்பரில் எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களின் படங்கள் வந்தன. வெள்ளைப் பறவை பழுப்பாகி, கறுத்து நிற்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் இயல்பாகவே கறுத்த பறவையும் உண்டு, நீர்க்காகம். கறுப்புப் பறவை என்று கேட்டால் எந்திரம் இரண்டையும் தரும். ஒன்றின் கறுப்பு இயற்கை, மற்றதன் கறுப்பு குற்றம். கூழைக்கடாவின் நிறம் எது என்று தெரிந்த ஒருவர் அதிர்ச்சியடைந்ததால்தான் அந்தப் படமே எடுக்கப்பட்டது. அந்த அதிர்ச்சி அவரிடம் இருக்கிறது. படத்தில் இருப்பது ஒரு கறுத்த பறவை.

இனி வாசனை. மணலியைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் சொல்வது அதைத்தான். கேஸ் வாசனை வருகிறது என்று இரவு பதினொரு மணிக்கு ஒருவர் மொட்டை மாடியில் நின்று எடுக்கும் காணொளியில் என்ன இருக்கும்? தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, தூரத்தில் ஆலை வெளிச்சம். பார்ப்பதற்கு அமைதியான இரவு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் நிறுவனத்தின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட இரவின் பதிவில் எந்திரம் காணக்கூடியது இருட்டில் ஓடும் மனிதர்களை, கேட்கக்கூடியது கூச்சலை. ஊர்த் திருவிழாவில் ஓடுவதற்கும் இதற்கும் உருவத்தில் அதிக வித்தியாசம் இல்லை. 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வாயு நெடியால் மாணவிகள் மயங்கினார்கள். நெடி எங்கிருந்து வந்தது என்பதே விவாதமானது. அந்தப் பதிவுகளில் தெரிவது பெற்றோர் கூட்டம், ஆம்புலன்ஸ், சீருடை. வடசென்னையின் முக்கியமான செய்தி கண்ணுக்கும் காதுக்கும் சிக்காத ஒன்று. அதைப் படத்தோடு கட்டிவைக்க இருக்கும் ஒரே கயிறு, எடுத்தவர் எழுதிவைக்கும் ஒரு வரி.

இன்னொரு சங்கடம் இல்லாமையைப் பற்றியது. எங்கள் படங்களில் பலவும் ஏதோ ஒன்று இல்லை என்று காட்டுவதற்காக எடுத்தவை. வலையில் மீன் இல்லை, ஓடையில் அலையாத்தி இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. கிளிப் வகை எந்திர மாதிரிகள் ‘இல்லை’ என்ற சொல்லைக் கையாளத் தடுமாறுகின்றன என்று எம்ஐடி ஆய்வாளர்கள் 2025இல் சோதித்துக் காட்டினார்கள். மீன் இல்லாத வலை என்று கேட்டால் மீன் உள்ள வலையும் வந்து நிற்கும். சொற்களின் வரிசை மாறினால் பொருள் மாறுகிறது என்பதிலும் இதே தடுமாற்றம். 2022இல் வந்த ‘வினோகிரவுண்ட்’ சோதனை அதைத்தான் அம்பலப்படுத்தியது. எண்ணெய்மேல் படகு இருப்பதும் படகின்மேல் எண்ணெய் இருப்பதும் அவற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. 2023இல் எண்ணெய் படிந்த படகைச் சரிசெய்ய அரசு தனி நிவாரணம் அறிவித்தபோது, ஒரு மீனவருக்கு இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் ரூபாயில் இருந்தது.

அதைவிட மோசமானது, இந்தத் தேடலுக்கு வெறுங்கை காட்டத் தெரியாது. பழைய அட்டைப் பெட்டியில் தேடினால், இல்லை என்ற பதில் கிடைக்கும். அந்தப் பதிலுக்கு மதிப்பு உண்டு. அந்த நாளில் யாரும் படம் எடுக்கவில்லை என்பதே ஒரு தகவல். அருகாமையை அளக்கும் தேடலில் அருகில் ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். இருபது படம் கேட்டால் இருபது வரும். இருபதாவது எவ்வளவு தொலைவு என்று ஓர் எண்ணை அது உள்ளே வைத்திருக்கிறது; அந்த எண்ணைப் பயனாளிக்குக் காட்டும் செயலி அபூர்வம். காட்டினாலும் எந்த எண்ணில் நிறுத்துவது என்று யாருக்குத் தெரியும்?

வரிசை வேறு இருக்கிறது. முதலில் வருவது எது? இணையத்தில் அதிகம் பார்த்த வகைக்கு நெருக்கமானது. மாசு என்று கேட்டால் சூரிய அஸ்தமனத்தில் நிழலுருவாக நிற்கும் புகைபோக்கி முன்னால் வரும். அட்டைப்படத்துக்கு அதுதான் அழகு. சான்றாக நிற்கும் படமோ பெரும்பாலும் சலிப்பூட்டும் படம்: சுவரோரம் ஒரு குழாய் வாய், அதன் கீழே நிறம் மாறிய மண், அளவு தெரிய ஒரு தண்ணீர் பாட்டில். அது எண்பதாவதாக வரும். எண்பது வரை யார் போகிறார்கள்?

இந்த விஷயத்தில் படத் தேடல் துறைக்குள்ளேயே எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஆர்னால்ட் ஸ்மெல்டர்ஸும் தோழர்களும், படத் தேடலின் முதற்காலத்தை மதிப்பிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஓர் இடைவெளியைச் சுட்டினார்கள். படத்திலிருந்து பிழிந்தெடுக்கக்கூடிய தகவல் ஒரு பக்கம். குறிப்பிட்ட ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு சூழலில் அந்தப் படம் தரும் அர்த்தம் இன்னொரு பக்கம். அடுத்த கால் நூற்றாண்டில் முதல் பாதியை அபாரமாக வளர்த்துவிட்டார்கள். ‘குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட சூழலில்’ என்ற இரண்டாம் பாதி காணாமல் போயிற்று. இடைவெளி மூடிவிட்டது என்ற அறிவிப்பு மட்டும் வந்துவிட்டது.

உருவ ஒற்றுமை எங்கே கைவிடும் என்பதற்கு எண்ணூரே கொடுத்த பாடம் ஒன்று இருக்கிறது. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதி. பிற்பாடு புழக்கத்தில் விடப்பட்ட இன்னொரு வரைபடத்தில் 6,000 ஏக்கருக்கும் மேற்பட்ட கழிமுகம் மறைந்துபோயிருந்தது என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் 2017இல் குற்றஞ்சாட்டினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள். ஒரே கடற்கரை, ஒரே ஆறு. ஒற்றுமையை அளக்கும் எந்திரத்துக்கு இவை இரண்டும் மிக நெருங்கிய உறவினர்கள். சண்டை முழுவதும் எந்த ஆண்டு, எந்த ஒப்புதல், யார் கையெழுத்து என்பதில் இருந்தது.

குறிப்பு எழுதிவைப்பதற்குத் தமிழில் பழைய நெறி உண்டு. புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரியின் பெயர் இல்லை, பறம்பின் பெயரும் இல்லை. தந்தையை இழந்த சிலர், ஒரு மலை, இரண்டு நிலவுகள். பாரி மகளிர் பாடியது என்று அடியில் ஒரு குறிப்பு இருப்பதால்தான் அது மூவேந்தர் முற்றுகையின் பாட்டாகிறது. ஒத்த உணர்வுள்ள பாடல்களைத் திரட்டும் எந்திரம் அதைத் தந்தையை நினைத்து ஏங்கும் நூறு பாடல்களோடு சேர்த்து வைக்கும். அதில் பிழையும் இல்லை, பயனும் இல்லை. அடிக்குறிப்பு பிற்காலத்தது, நம்ப முடியாதது என்று வாதாடிய அறிஞர்கள் உண்டு. அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். குறிப்போடு வாதாடலாம். எழுதியவர் ஒருவர் இருக்கிறார், அவர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார், அது தவறு என்று நிறுவ வழி இருக்கிறது. 0.31 என்ற அருகாமை எண்ணோடு எப்படி வாதாடுவது? அது எதையும் சொல்லவில்லை. யாரும் அதற்குப் பொறுப்பில்லை.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது என்பது தெரியும். அர்த்தத் தேடலோடு தேதி, இடம் என்ற வடிகட்டியையும் சேர்த்துவிடலாமே? சேர்க்கலாம். எல்லா நல்ல காப்பகங்களும் அப்படித்தான் செய்யும். ஆனால் வடிகட்டுவதற்குத் தேதியும் இடமும் எங்கிருந்து வரும்? கைப்பேசி தானாகப் பதிகிறது என்பார்கள். நம் ஊரில் படம் பயணம் செய்வது வாட்ஸ்அப்பில். அது வழக்கமாகப் படத்தைச் சுருக்கி, உள்ளே இருந்த நேரம், இடம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் அடுத்தவருக்கு அனுப்புகிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ‘ஹாஷ்’ எண்ணையும் எழுத வேண்டும். பத்துக் குழுக்களைச் சுற்றிவந்த படத்தின் ஹாஷ், எடுத்தவர் கைப்பேசியில் இருக்கும் மூலத்தோடு ஒத்துப்போகாது. ஆக, யாராவது உட்கார்ந்து மூலத்தை வாங்கி, கேட்டு, எழுதத்தான் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். குறிப்பு தேவையில்லை என்ற வாதத்தின் கவர்ச்சியே அந்தச் சம்பளத்தை மிச்சம்பிடிப்பதில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981இன் வடுவோடு 2005இல் தொடங்கிய, இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேகரிக்கும் நூலகம் நிறுவனம், தன் எண்ணிம ஆவணங்களுக்கு ஒவ்வொன்றாகத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று பதிந்துகொண்டு வந்திருக்கிறது. தன்னார்வலர்கள் தொடங்கிய வேலை. நம்மிடம் பணமும் பொறியாளர்களும் அவர்களைவிட அதிகம். இருந்தும் நாம் குறிப்பு எழுதும் ஆளை நீக்கிவிட்டு எந்திரத்தை ஓட்டும் வரைகலைச் சில்லு வாங்குகிறோம்.

தேதி இல்லாத படம் யாருக்கு வசதி என்று கேட்டால் சந்தேகப் புத்தி என்பார்கள். சந்தேகப்படுவதற்கு வடசென்னை நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறது. எந்த எண்ணெய் எந்த ஆண்டு என்று சொல்ல முடியாத ஒரு குவியல் இருப்பதில் ஆலைக்கு நட்டம் இல்லை, துறைமுகத்துக்கு நட்டம் இல்லை, அனல்மின் நிலையத்துக்கு நட்டம் இல்லை. ‘தொழிற்பகுதியின் சுற்றுச்சூழல் சவால்கள்’ என்ற தலைப்பில் அழகான ஒரு கண்காட்சி அதிலிருந்து கிடைக்கும்; தொடக்க விழாவுக்கு அந்த நிறுவனங்களே வந்து குத்துவிளக்கு ஏற்றலாம். இதைத் தேடல் கருவி எழுதியவர்கள் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை என்கிறேன்.

எந்திரத்தை வைத்துச் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. காணொளி எடுக்கும்போதே எடுப்பவர் பேசிவிட வேண்டும். இன்று இந்தத் தேதி, காட்டுக்குப்பம் படித்துறை, மணி ஆறே கால், காற்று அடிக்கிறது, நெடி ஆலைப் பக்கமிருந்து வருகிறது, எடுப்பது இன்னார். பத்து விநாடி. எழுத்து தெரியாதவரும் செய்யலாம். பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் தமிழுக்கு வந்துவிட்டன. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் போன்ற குழுக்கள் அதில் உழைத்திருக்கின்றன. அப்படி எழுத்தான குறிப்பைத் தேதிவாரியாக, ஊர்வாரியாகத் தேடலாம். தவறிருந்தால் பேசியவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். எண்ணூர் மீனவர்களின் பேச்சில் அந்தக் கருவிகள் எங்கே தடுக்கி விழுகின்றன என்று பார்த்துத் திருத்துவதற்கு எவ்வளவு செலவானாலும் நான் ஆட்சேபிக்கப் போவதில்லை.